கேள்விக்குப் பின்

ஆசிரியரை அவருடைய வகுப்பிலிருந்தே
வெளியே அனுப்புவது என் வேலை.
பதினைந்து நிமிடம்தான்.
"கதவைத் தாழிட மாட்டேன், பயப்படாதீர்கள்" என்பேன்.
சிலர் சிரிப்பார்கள்.
ரெய்யோ ஹவுத்தலா சிரிக்கவில்லை.
சாக்பீஸ் தூளைக் கால்சட்டையில் தட்டிவிட்டு
தாழ்வாரத்தில் மிட்டாய் எந்திரத்துக்கு எதிரே
போய் நின்றுகொண்டார்.

தண்டர் பே. பிப்ரவரி.
ஏரி இருக்குமிடம் ஏரிபோலவே இல்லை.
பாறையியல், முதலாண்டு, முப்பத்தெட்டுப் பேர்.
காலணிகளிலிருந்து உருகிய பனி
நாற்காலிகளுக்கு அடியில் குட்டை குட்டையாக.

எது உதவுகிறது, எது தடுக்கிறது,
அவர் எதை மாற்றலாம்,
நீங்கள் எதை மாற்றலாம் என்று கேட்டேன்.
நான்காவதில்தான் எப்போதும் பேனாக்கள் நிற்கும்.

நல்லவர், கல்லைக் கையில் கொடுத்துவிடுகிறார்.
பலகையில் எழுதுவதை அவர் தோளே மறைக்கிறது.
கேள்வி கேட்கிறார், பதிலையும் அவரே சொல்கிறார்,
நாங்கள் எதற்கு?
கடைசி வரிக்கடியில் பென்சிலால் இரண்டு கோடு.

கையெழுத்து தெரியக்கூடாதென்று எல்லாவற்றையும்
நானே தட்டச்சு செய்வேன்.
அந்த இரண்டு கோட்டை மட்டும்
எப்படித் தட்டச்சு செய்வதென்று தெரியவில்லை.

எங்கள் நடுவத்துக்கு மூன்றாம் மாடியில் இரண்டு அறை,
ஒரு தேநீர்க் கெண்டி,
யாரும் எடுத்துப்போகாத துண்டுப் பிரசுரங்கள்.
குற்றம் செய்தவர்களை அனுப்பும் இடம் என்று
பாதிப் பேருக்கு நினைப்பு.
இங்கே பேசுவது துறைத்தலைவர் காதுக்குப் போகாது
என்று ஒவ்வொரு முறையும் சொல்கிறேன்.
ஒவ்வொரு முறையும் கதவைப் பார்க்கிறார்கள்.

அவரும் பார்த்தார். பிறகு தாளை.

முந்தைய வாரம் நான் பின்வரிசையில்
நிறுத்துகடிகாரத்தோடு உட்கார்ந்திருந்தேன்.
இருபத்திரண்டு கேள்விகள்.
கேள்விக்கும் அவர் பதிலுக்கும் இடையே
சராசரி ஒன்றேகால் விநாடி.
ஒரு தும்மலைக்கூட முடிக்க முடியாது அதற்குள்.

சொன்னேன். வெகுநேரம் பேசவில்லை.
"பத்தொன்பது வருஷம் நிலத்துக்குக் கீழே வேலை.
அங்கே கூப்பிட்டு, குரல் வரவில்லையென்றால்
ஓடுவோம்."

என் அலமாரியில் பதினோரு புத்தகங்கள்,
சுவரில் அம்புக்குறிகளோடு ஒரு வரைபடம்.
இதற்கு எதிலும் பக்கம் இல்லை.
ஆறிப்போன தேநீரை
மறுபடி சூடாக்கினேன்.

வியாழன் மாலை, காலி வகுப்பறை.
முப்பத்தெட்டுப் பேருக்கும் சேர்த்து நான் ஒருத்தி.
மேசைமேல் கைப்பிடியளவு ஒரு கல்.
"இது ஏன் பச்சை?"
கேட்டுவிட்டு, சட்டைப்பையில்
ஒரு கூழாங்கல்லை விரல்விட்டு விரல் நகர்த்தினார்,
ஏழுவரை எண்ண அவரே கண்டுபிடித்த வழி.
வெப்பக் குழாய் டொக்கென்றது.
மூன்று.
அவர் உதடு பிரிந்து, மூடிக்கொண்டது.
நான்கு.
அறையின் சுவர்கள் கொஞ்சம் கிட்டே வந்தன.

"குளோரைட்!" என்று கத்தியது நான்.

காத்திருக்கக் கற்றுக்கொடுக்க வந்தவள்.
"நாலரை" என்றார்,
அன்றுதான் அவர் பல்லைப் பார்த்தேன்.

ஏப்ரலில் மறுபடி பின்வரிசை.
அதே கல், அதே கேள்வி.
பையில் கை அசைகிறது.
ஒருவன் தொப்பியைக் கழற்றி மாட்டுகிறான்,
யாரோ பாட்டில் மூடியைத் திருகுகிறார்கள்,
அவர் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு போகிறார்,
கூண்டு மேலே வந்ததும்
தலைகளை எண்ணுகிறவரைப் போல.
ஏழு. எட்டு.
ஒன்பதும் தாண்டி,
ஜன்னலோரமிருந்து மெரியல் சீச்சூ,
பருவம் முழுக்க ஒரு சொல் பேசாதவள்,
"செம்பா?" என்றாள்.

தவறு.

அவர் ஓடவில்லை.
கல்லைக் கொண்டுபோய் அவள் மேசையில் வைத்தார்.
"ஏன் செம்பு?"

கை திரும்பப் பைக்குள் போயிற்று.

என் படிவத்தில் இதற்குக் கட்டம் கிடையாது.
ஓரத்தில் எழுதி, அடியில்
பென்சிலால் இரண்டு கோடு இழுத்தேன்.